டயர் சைடுவாலில் (பக்கச்சுவரில்) 44 என்று இருந்தால் 44 பிஎஸ்ஐ காற்றுதான் அடிக்க வேண்டுமா? பிக்கப் வைத்திருப்பவர்கள் வரவும்

சேலம் சக்கரம் (காலை 6.50)

நேற்று இரவு ஒரு வீடியோ பார்த்தேன். யாருடையது என்று சொல்லப் போவதில்லை. பிக்கப் வண்டிக்குப் புதிதாக ஏ.டி. டயர் (ரோட்டுக்கும் மண்பாதைக்கும் ஆனது) நான்கு மாட்டுகிறார். மாட்டி முடித்ததும் சைடுவாலைக் கேமராவுக்குக் காட்டி, "இங்கே பாருங்கள், 44 பிஎஸ்ஐ என்று கம்பெனிக்காரனே அச்சடித்திருக்கிறான். அதனால் 44 வைத்துவிடுங்கள், மைலேஜும் கிடைக்கும், டயரும் உழைக்கும்" என்கிறார். கீழே வரிசையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதில் இந்தக் குழுவில் இருக்கும் மூன்று பேரின் பெயர்களையும் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 44 என்பது, அதைத் தாண்டிக் காற்று அடிக்காதே என்று போட்ட எல்லை. உன் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று டயர் கம்பெனிக்குத் தெரியாது. அதே டயர் இன்னொருவர் ஃபார்ச்சூனரில் ஓடும், வேறொருவர் ஹைலக்ஸில் ஓடும். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. காலி வண்டிக்கு ஒரு எண், முழுச் சுமைக்கு ஒரு எண். அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கும் அளவு. வண்டி மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும்.

நான் என் இசுஸு வி-கிராஸ் பிக்கப்பில் காலியாக ஓட்டும்போது 35 வைக்கிறேன். டயர் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது.

கோவை வி-கிராஸ் (காலை 7.35)

அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். நேராகப் பெயரைச் சொல்லியே எழுதலாமே அண்ணா, எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள்?

நான் 44 தான் வைக்கிறேன். 38,000 கிமீ ஓடிவிட்டது. ஒரு பஞ்சர் கூட இல்லை. ஹெச்.டி. டயரிலிருந்து (தார் ரோட்டுக்கான டயர்) ஏ.டி.க்கு மாறியபோது மைலேஜ் ஒன்றரை குறைந்தது. 44 வைத்த பிறகு பாதி திரும்பி வந்தது. இதெல்லாம் என் கையில் இருக்கும் டீசல் ரசீதுக் கணக்கு. உங்கள் ஸ்டிக்கர் வண்டியோடு வந்த டயருக்கு ஒட்டியது. நான் போட்டிருப்பது அந்த டயரே இல்லை. பிறகு எதற்கு அந்த எண்?

தாளவாடி லோடு (காலை 8.10)

35-ஆம், 44-ஆம். தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திம்பம் 27 வளைவும் இறங்கிப் பாருங்கள். பொலிரோ பிக்கப்பில் பின் டயருக்கு 60 வைக்கிறேன். 35 வைத்தால் முதல் வளைவிலேயே டயர் மடங்கிவிடும். 14 வருடமாக இதுதான் தொழில்.

சேலம் சக்கரம் (காலை 8.45)

தாளவாடி தம்பி சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். அவர் வண்டியில் பின்னால் ஒன்றரை டன் போல உட்கார்ந்திருக்கிறது, டயரும் சுமை வண்டிக்கான டயர். அந்த டயருக்கு அந்தக் காற்று வேண்டும். சுமையைப் பார்த்துக் காற்று. இதைத் தவிர நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

கோவைக்காரருக்கு: 255/60 ஆர் 18 அளவில் சாதாரண டயரின் சுமை எண் 108. அப்படி என்றால் ஒரு டயர் 1,000 கிலோ தாங்கும். அந்த 1,000 கிலோவை டயர் எட்டுவது 36 பிஎஸ்ஐயில். அதற்கு மேல் 40 வை, 44 வை, 1,000 என்பது 1,001 ஆகாது. டயர் தரக்கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கணக்கு இது. 36-க்கு மேல் நீங்கள் அடிக்கும் காற்று சுமையைத் தாங்க உதவுவதில்லை. டயரை விறைப்பாக்கி, ரோட்டைத் தொடும் பரப்பைக் குறைத்து, நடுப்பகுதியை மட்டும் தேய்க்கிறது. காலி பிக்கப்பில் பின்பக்கம் எடையே இல்லை, கீழே பட்டை ஸ்பிரிங் வேறு. 44 வைத்தால் வேகத்தடையில் பின்பக்கம் துள்ளும். மழையில் வளைவில் துள்ளினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தாளவாடி லோடு (காலை 8.52)

என்னை உங்கள் கட்சியில் சேர்க்க வேண்டாம். நான் 60 என்றுதான் சொன்னேன். காலியாக மேலே ஏறும்போதும் 60 தான். ஒவ்வொரு தடவையும் யார் இறங்கிக் காற்றைக் குறைப்பது?

கோவை வி-கிராஸ் (காலை 9.20)

என் டயர் 108 இல்லை, 112. எக்ஸ்எல், அதாவது கூடுதல் சுமை வகை. சைடுவாலில் இருக்கிறது. ஒரு டயருக்கு 1,120 கிலோ. எக்ஸ்எல் டயர் முழுச் சுமையை எட்டுவது 36-லா? சொல்லுங்கள்.

சேலம் சக்கரம் (காலை 9.41)

எக்ஸ்எல் என்றால் 42-ல்.

கோவை வி-கிராஸ் (காலை 9.43)

42! நானா சொன்னேன்? அண்ணாவே சொல்லிவிட்டார். 42-க்கும் 44-க்கும் எவ்வளவு தூரம்? காலையிலிருந்து இவ்வளவு பேச்சும் இரண்டு பிஎஸ்ஐக்கா?

சேலம் சக்கரம் (காலை 10.15)

இல்லை. பாதியைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். 42 எப்போது வேண்டும்? ஒரு டயர் மேல் 1,120 கிலோ உட்காரும்போது. நான்கு டயரும் சேர்ந்து 4,480 கிலோ. உங்கள் காலி வண்டி எவ்வளவு? சுமார் 2 டன். நீங்களும் வீட்டுக்காரம்மாவும் ஒரு பையும். பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் 500 கிலோ கூட இருக்காது. அதற்கு எதற்கு 44?

சுமை எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது என்ன அழுத்தத்தில் என்று தெரியவில்லை என்றால் பாதிதான் படித்திருக்கிறார்.

கோவை வி-கிராஸ் (காலை 10.22)

பாதிதான் படித்தவன். சரி. முன்பு நீங்கள் நான்கு பழைய டயரை எனக்கு விற்றபோதும் நான் பாதிதான் படித்தவனாக இருந்தேன், அதனால்தான் டயர் செய்த தேதியைப் பார்க்கவில்லை.

டயர் கடை திண்டுக்கல் (காலை 10.50)

தம்பிகளா, 31 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் காலத்தில் 35 பவுண்டு என்போம், இப்போது எல்லோரும் பிஎஸ்ஐ. நான் இந்த மாதிரி வண்டிக்கு 40 பவுண்டு வைத்து அனுப்புகிறேன். யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. சும்மா காற்றை விட்டுவிட்டு நைட்ரஜன் அடியுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வெயிலில் அழுத்தம் ஏறவே ஏறாது.

கணக்கு வாத்தியார் (காலை 11.05)

ஐயா, நைட்ரஜனும் வாயுதான், சூடானால் விரியும். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். காற்றில் ஈரம் இருந்தால் கொஞ்சம் கூடுதலாக ஏறி இறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். "ஏறவே ஏறாது" என்பது தவறு.

டயர் கடை திண்டுக்கல் (காலை 11.12)

விமான டயரில் எதற்கு நைட்ரஜன் அடிக்கிறார்கள் என்று வாத்தியார் சொல்லட்டும். அவர்களுக்கு அறிவில்லையா?

கணக்கு வாத்தியார் (காலை 11.30)

பிரேக் சூட்டில் டயருக்குள் ஆக்சிஜன் இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து, உயரத்தில் ஈரம் உறையும் ஆபத்து, இரண்டுக்காகவும் அடிக்கிறார்கள். உங்கள் கடைக்கு வரும் பிக்கப் முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்காது ஐயா.

விமானம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தேங்கிய நீரில் டயர் ரோட்டை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசாவில் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 25 பிஎஸ்ஐ என்றால் சுமார் 83 கிமீ. 36 என்றால் 100 கிமீ. 44 என்றால் 110 கிமீ. நான் யார் பக்கமும் பேசவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

கோவை வி-கிராஸ் (காலை 11.34)

எல்லோரும் கடைசி வரியைப் படியுங்கள். 44 என்றால் 110 கிமீ. மழையில் 44 ஆபத்து என்று காலையில் சொன்னது யார்? நாசாவே 44 பக்கம்.

சேலம் சக்கரம் (மதியம் 12.20)

வாத்தியார் சொன்ன கணக்கு சரி. ஆனால் அது விமான ஓடுபாதையில் சோதித்துக் கண்ட கணக்கு. நீரின் ஆழம் டயரின் பள்ளத்தை விட அதிகமாக இருக்கும்போது பொருந்தும். பள்ளம் நன்றாக இருக்கும் டயர் அந்த நீரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். உங்கள் டயர் 38,000 கிமீ ஓடியது என்று நீங்களே சொன்னீர்கள். 44 வைத்து நடுப்பகுதி தேய்ந்திருந்தால் நீர் போக வழி எங்கே? நடுவில் பள்ளம் எத்தனை மில்லிமீட்டர், ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர்? அளந்து போடுங்கள். காலையிலிருந்து கேட்கிறேன்.

அப்புறம் தொப்பூர் கணவாயில் கனமழையில் 110-ல் போகிறவருக்கு நான் எந்த அழுத்தமும் சொல்ல மாட்டேன். அங்கே ஏற்கெனவே போதுமான வண்டிகள் கவிழ்ந்திருக்கின்றன. என் மாமா மகன் லாரிக்குப் பின்னால் போய் மோதியதும் அங்கேதான். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு விளையாட்டில்லை.

கோவை வி-கிராஸ் (மதியம் 12.31)

உங்கள் உறவினருக்காக வருந்துகிறேன், அது உண்மை. ஆனால் காலையிலிருந்து நீங்கள் அளவு கேட்டது இதுதான் முதல் தடவை. மேலே போய்ப் பாருங்கள்.

நாமக்கல் புது ஹைலக்ஸ் (மதியம் 12.40)

எல்லோருக்கும் வணக்கம். 265/60 ஆர் 18. கம்பெனி டயர் முடியப் போகிறது. வாரத்தில் ஐந்து நாள் நாமக்கல் - பெங்களூரு ரோடு, மாதத்துக்கு இரண்டு முறை கொல்லிமலைத் தோட்டம். ஏ.டி. போடலாமா, ஹெச்.டி.யே போதுமா? காற்று எவ்வளவு?

கோவை வி-கிராஸ் (மதியம் 12.42)

ஏ.டி. 44.

சேலம் சக்கரம் (மதியம் 1.15)

தம்பி, அவசரப்படாதே. மாதத்தில் இரண்டு நாள் தோட்டம், மற்ற நாளெல்லாம் தார் ரோடு. கொல்லிமலை 70 வளைவும் தார்தான். உன் தோட்டத்து மண்பாதை மழையில் எப்படி இருக்கும்? செம்மண் சேறு என்றால் ஏ.டி.யின் பட்டன் (ரப்பர்க் கட்டி) இடைவெளி சேற்றை உதறும். ஹெச்.டி.யில் சேறு அப்பிக்கொண்டு வழுக்கும். சரளைக்கல் பாதை என்றாலும் ஏ.டி.யின் சைடுவால் கொஞ்சம் தடிமனாக இருப்பது உதவும். வெறும் காய்ந்த மண் என்றால் ஹெச்.டி. தாராளமாகப் போதும். உன்னிடம் நான்கு சக்கர இயக்கம் இருக்கிறது.

ஏ.டி. வாங்கினாலும் முரட்டு ஏ.டி. வேண்டாம். யோகஹாமா ஜியோலேண்டர், அப்பல்லோ ஆப்டெரா, எம்.ஆர்.எஃப். வாண்டரர் இந்த வகையில் ரோட்டுக்கு ஒத்துவரும் ஏ.டி. இருக்கிறது. ஹெச்.டி.யை விட எடை கூடும், உருளும் தடை கூடும், 80-க்கு மேல் ரீங்காரம் கேட்கும். ஈர ரோட்டில் பிரேக் பிடிப்பது பொதுவாக ஹெச்.டி.யில் நன்றாக இருக்கும். உனக்கு ஐந்து நாள் பெங்களூரு ரோடு. நான் உன் இடத்தில் இருந்தால் ஹெச்.டி.தான். காற்று உன் கதவுத் தூணில் இருக்கிறது. பார்த்து இங்கே எழுது.

வாங்கும்போது சைடுவாலில் இருக்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம் செய்த டயர்.

கோவை வி-கிராஸ் (மதியம் 1.20)

அதைத்தான் எதிர்பார்த்தேன். தேதி பார்த்து வாங்கச் சொல்லும் அண்ணா எனக்கு விற்ற நான்கில் இரண்டு 1516, ஒன்று 4017, ஒன்று இன்னும் பழசு. நாமக்கல் தம்பி, இவர் எதையாவது விற்றால் பூதக்கண்ணாடியோடு போ.

சேலம் சக்கரம் (மதியம் 1.28)

நான்கு டயரின் தேதியையும் வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் விற்றேன். விலையும் அதற்கேற்பத்தான் சொன்னேன். டிராக்டர் டிரெய்லருக்கு என்று சொல்லி வாங்கினீர்கள். பிறகு வண்டியில் மாட்டினீர்கள். பொதுவில் என்னை ஏமாற்றுக்காரன் போல எழுதுவது சரியில்லை. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கோவை வி-கிராஸ் (மதியம் 1.31)

ஒரு மாதம்தான் வண்டியில் மாட்டினேன். அதை விடுங்கள். 44-க்கு வாருங்கள்.

பாலைவனத் தமிழன், துபாய் (மதியம் 2.05)

இங்கே லஹ்பாப் செம்மணலில் 15 வைத்து ஓட்டுகிறோம். லீவா பக்கம் பெரிய மணல்மேட்டில் 12 வரை இறக்குவேன். 35 என்பதும் 44 என்பதும் எங்களுக்குக் கல் மாதிரி. காற்றைக் குறைத்தால் டயரின் தடம் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் கூடும். அதனால்தான் மணலில் மிதக்கும். நாமக்கல் தம்பி கொல்லிமலைச் சேற்றுக்கு 20 வைத்துப் பார். ஹெச்.டி.யே ஏறிவிடும், ஏ.டி.க்குச் செலவே வேண்டாம்.

சேலம் சக்கரம் (மதியம் 2.30)

துபாய் நண்பரே, அவரைக் கொல்லிமலையில் 20 வைக்கச் சொல்லாதீர்கள். தோட்டத்திலிருந்து வெளியே வந்ததும் 70 வளைவு இறங்க வேண்டும். அங்கே காற்று அடிக்கும் மெஷின் கையில் இருக்கிறதா அவரிடம்? 20-ல் வளைவில் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் வாய்ப்பு உண்டு. வேகமாகப் போனால் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளே உரிந்துவிடும்.

பாலைவனத் தமிழன், துபாய் (மதியம் 2.38)

கம்ப்ரஸர் இல்லாமல் காற்றைக் குறை என்று நான் எங்கே சொன்னேன்? தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிப்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நீங்கள் மணலைப் பார்க்காமல் மணலைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

சேலம் சக்கரம் (மதியம் 2.55)

நான் மணலைப் பற்றி ஒரு வரி கூடப் பேசவில்லை. கொல்லிமலையைப் பற்றிப் பேசினேன். அதை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றுக் குறைவு என்னென்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2000 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. ஏ.டி.எக்ஸ்., ஏ.டி.எக்ஸ். 2, வில்டர்னஸ் ஏ.டி. டயர்கள். பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஓடியவை. வெயிலில், வேகத்தில், சுமையோடு போகும்போது டயரின் மேல்பட்டை அப்படியே உரிந்து வண்டி கவிழ்ந்தது. 270 பேருக்கு மேல் செத்தார்கள். ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26. ஃபயர்ஸ்டோன் 30 வைக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு அங்கே சட்டம் போட்டு, சொன்ன அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். காற்றை விளையாட்டாக நினைக்காதீர்கள்.

கோவை வி-கிராஸ் (மதியம் 3.02)

ஒரு நிமிடம். ஃபோர்டு சொன்ன 26 எங்கே எழுதியிருந்தது?

சேலம் சக்கரம் (மதியம் 3.04)

வண்டி ஸ்டிக்கரில்.

கோவை வி-கிராஸ் (மதியம் 3.05)

ஸ்டிக்கரில்! காலையிலிருந்து ஸ்டிக்கர் ஸ்டிக்கர் என்று சாமி கும்பிட்டீர்களே, அந்த ஸ்டிக்கரை நம்பியவர்கள்தான் 26 வைத்தார்கள். டயர் கம்பெனி சொன்னது அதை விட அதிகம். அப்படியானால் யார் சொன்னதைக் கேட்க வேண்டும்? டயர் கம்பெனி. என் டயரில் டயர் கம்பெனி என்ன எழுதியிருக்கிறது? 44.

தாளவாடி லோடு (மதியம் 3.09)

இது நல்ல கேள்வி.

சேலம் சக்கரம் (மதியம் 3.50)

நல்ல கேள்வி இல்லை. ஃபயர்ஸ்டோன் சைடுவாலில் இருந்த உச்ச அளவை வைக்கச் சொல்லவில்லை. அந்த வண்டிக்கு 30 போதும் என்றது. 35 கூடச் சொல்லவில்லை. 26-லிருந்து 30. அதையும் தவிர, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2001-ல் விசாரணை முடிவில் டயரிலேயே குறை இருந்தது என்றுதான் சொன்னது. டயரின் பெல்ட்டுகள் உரிந்தது டயரின் குறை. காற்றுக் குறைவு அதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அது 25 வருடத்துக்கு முந்தைய ஒரு வண்டியின் ஸ்டிக்கர். அதை வைத்து உங்கள் வண்டி ஸ்டிக்கரைக் குப்பையில் போட முடியாது.

கோவை வி-கிராஸ் (மதியம் 3.53)

உதாரணத்தைக் கொண்டுவந்தது நீங்கள். எனக்குச் சாதகமாகப் போனதும் அது 25 வருடம் பழசாகிவிட்டது. 1516 டயரும் பழசுதான், அதை விற்கும்போது மட்டும் பழசாகத் தெரியவில்லை.

கணக்கு வாத்தியார் (மாலை 4.20)

யாரும் ஒரு விஷயத்தைப் பேசவில்லை. கோவைக்காரர் டயர் எல்டி (இலகுரக லாரி) வகையா, சாதாரண வகையா? இரண்டுக்கும் கணக்கே வேறு. 265/70 ஆர் 17 அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வகையில் 115 என்று வரும், 1,215 கிலோ. அதே அளவு எல்டி சி வகை 112, அதாவது 50 பிஎஸ்ஐ வைத்தால்தான் 1,120 கிலோ. எல்டி ஈ வகை 121, 80 பிஎஸ்ஐ வைத்தால் 1,450 கிலோ. எல்டி டயரைப் போட்டுவிட்டுப் பழைய ஸ்டிக்கர் எண்ணையே வைத்தால் முழுச் சுமையில் காற்றுப் போதாது. சேலத்துக்காரர் சொல்லும் "ஸ்டிக்கரைப் பார்" அங்கே பொருந்தாது.

கோவை வி-கிராஸ் (மாலை 4.23)

வாத்தியாரே, காலில் விழுகிறேன். இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

சேலம் சக்கரம் (மாலை 4.45)

உங்கள் டயர் எக்ஸ்எல் என்று நீங்கள்தான் எழுதினீர்கள், 9.20-க்கு. எக்ஸ்எல் டயர் எல்டி இல்லை. வாத்தியார் சொன்னது உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. எல்டி போட்டவர் டயர் கம்பெனியின் சுமைப் பட்டியலைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், அதை நான் எப்போதும் மறுக்கவில்லை. அங்கேயும் சைடுவாலில் 80 என்று இருந்தால் காலி வண்டிக்கு 80 வைப்பீர்களா? வைத்தால் பல் ஆடும்.

கோவை வி-கிராஸ் (மாலை 4.48)

ஆக, ஸ்டிக்கர் எல்லா இடத்திலும் சரி இல்லை. ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

சேலம் சக்கரம் (மாலை 4.50)

நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

டயர் கடை திண்டுக்கல் (மாலை 5.15)

நான் போன பிறகு என்னென்னவோ ஓடியிருக்கிறது. வாத்தியார் என் நைட்ரஜனுக்குப் பாதிப் பதில்தான் சொன்னார். அப்புறம் ஒரு விஷயம். இந்த 44, 42, 35 எல்லாம் எந்த மீட்டரில் பார்த்தீர்கள்? பங்க்கில் இலவசமாக அடிக்கும் மெஷினிலா? அதில் ஒன்று 3 பவுண்டு கூடக் காட்டும், இன்னொன்று 4 பவுண்டு குறைத்துக் காட்டும். கோவைத் தம்பி 44 என்று நினைப்பது 40 ஆக இருக்கலாம்.

சேலம் சக்கரம் (மாலை 5.30)

இன்று முழுக்க யாராவது உருப்படியாக ஒன்று சொன்னார்கள் என்றால் திண்டுக்கல் ஐயா சொன்ன இதுதான். நான் சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு, வண்டியை எடுக்கும் முன் பார்க்கிறேன். மே மாதத்தில் 35 வைத்தால் கரூர் தாண்டும்போது 40-ஐத் தொடும். அது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்குகிறவர்கள் உண்டு. அதுதான் பெரிய தவறு, ராத்திரி டயர் குளிர்ந்ததும் 30-க்குப் போய்விடும். டயரின் சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும், அவ்வளவுதான் கணக்கு.

கோவைக்காரரே, நீங்கள் மதியம் பங்க்கில் வெயிலில் வண்டியை நிறுத்தி 44 பார்த்திருந்தால் உங்கள் குளிர்ந்த அளவு 39, 40 தான். அப்படியானால் நீங்கள் 38,000 கிமீ ஓட்டியது 44-ல் இல்லை.

கோவை வி-கிராஸ் (மாலை 5.41)

இப்போது நான் ஓட்டியது 44-ஏ இல்லை என்கிறீர்களா? என் வண்டி, என் டயர், என் கண். 44.

சேலம் சக்கரம் (மாலை 5.44)

குளிர்ந்திருக்கும்போதா, சூடாக இருக்கும்போதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

கோவை வி-கிராஸ் (மாலை 5.45)

44.

நாமக்கல் புது ஹைலக்ஸ் (மாலை 6.10)

சேலம் அண்ணா, ஸ்டிக்கரைப் பார்த்தேன். வெயிலில் எழுத்து மங்கியிருக்கிறது, ஒரு எண்தான் தெரிகிறது. பின் டயருக்குத் தெரியவில்லை. 265/70 போடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார், வண்டி உயரமாகத் தெரியுமாம். ரிம்மை 17-ஆக மாற்ற வேண்டுமாம்.

சேலம் சக்கரம் (மாலை 6.40)

ஸ்டிக்கர் மங்கியிருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் அதே அட்டவணை இருக்கும். டேஷ்போர்டு பெட்டியில் தேடு.

265/70 ஆர் 17 வேண்டாம். உன் 265/60 ஆர் 18 விட்டம் சுமார் 775 மில்லிமீட்டர். அது 803. மூன்றரை சதவீதத்துக்கு மேல் பெரிசு. வேகமானி 100 காட்டும்போது நீ கிட்டத்தட்ட 104-ல் போவாய். கியர் இழுவை குறையும், திருப்பும்போது உள்ளே உரசவும் வாய்ப்பு. உயரமாகத் தெரிவதற்காக இவ்வளவு செலவு செய்யாதே. 18-லேயே நல்ல ஹெச்.டி. போடு.

கோவை வி-கிராஸ் (மாலை 6.44)

நான் 265/70 ஆர் 17 தான் அடுத்துப் போடப் போகிறேன். என் வண்டிக்கு அது 5 சதவீதம் பெரிசு. உரசினால் பார்த்துக்கொள்கிறேன். நாமக்கல் தம்பி, இவர் 44-க்குப் பயப்படுகிற மாதிரி எல்லாவற்றுக்கும் பயப்படுவார்.

தாளவாடி லோடு (இரவு 7.30)

இன்று இறங்கும்போது பின் இடது டயர் போய்விட்டது. ஆறாவது வளைவு. ஆணி இல்லை, உள்பக்கம் வெடித்திருக்கிறது. வண்டி நின்றுவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை. 60 தான் இருந்தது.

சேலம் சக்கரம் (இரவு 7.36)

நல்ல வேளை தம்பி. படம் எடுத்துப் போடு. டயர் தேதி என்ன? சைடுவாலைச் சுற்றி வெடிப்புக் கோடு இருக்கிறதா? இறக்கத்தில் பிரேக் சூடு ரிம்முக்கு ஏறியிருக்கலாம். இரண்டாவது கியரில் இறங்கினாயா, மூன்றாவதிலா? 60 காலையில் பார்த்ததா, ஏற்றிய பிறகு பார்த்ததா?

தாளவாடி லோடு (இரவு 7.50)

ஸ்டெப்னி மாற்றிவிட்டு இப்போதுதான் சத்தியில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் கேள்வியாகக் கேட்கிறீர்கள். 14 வருடத்தில் இது மூன்றாவது டயர். காற்றை மாற்ற மாட்டேன்.

கோவை வி-கிராஸ் (இரவு 7.58)

பாருங்கள், 60 வைத்தவருக்கும் வெடிக்கிறது. காற்றில் ஒன்றுமில்லை அண்ணா. ஞாயிற்றுக்கிழமை பெருந்துறை பக்கம் வாருங்கள். டயர் குறுக்கே சாக்பீஸில் கோடு போடுவோம், நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுவோம். கோடு நடுவில் மட்டும் அழிகிறதா, முழுக்க அழிகிறதா பார்ப்போம். 44-ல்.

சேலம் சக்கரம் (இரவு 8.15)

வருகிறேன். காலை ஆறு மணிக்கு. நீங்கள் கோவையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தால் டயர் சூடாகிவிடும், அதனால் முதல் நாள் இரவே பெருந்துறையில் வண்டியை நிறுத்த வேண்டும். என் கேஜில்தான் அளப்போம்.

கோவை வி-கிராஸ் (இரவு 8.17)

உங்கள் கேஜ் முடியாது. திண்டுக்கல் ஐயா கேஜ் கொண்டுவரட்டும்.

டயர் கடை திண்டுக்கல் (இரவு 8.40)

நான் வருகிறேன். ஆனால் நைட்ரஜன் அடித்துத்தான் அளப்பேன்.

சேலம் சக்கரம் (இரவு 8.44)

சாதாரணக் காற்றுதான் ஐயா. குளிர்ந்த டயர், காலி வண்டி, சாதாரணக் காற்று. முதலில் 35, பிறகு 44, இரண்டுக்கும் புதுச் சாக்பீஸ்.

கோவை வி-கிராஸ் (இரவு 8.46)

முதலில் 44.